லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணி நேரம்: ஒரே விமானத்தை ஓட்டிய கேப்டன் சுந்தரம் - உஷா தம்பதி யார்?

சென்னைக்காரர்களிடம் கேப்டன் வி. சுந்தரம் யார் என்று கேட்டால், புளூ கிராஸை ஆரம்பித்தவர்தானே என்பார்கள். சரிதான். ஆனால் அந்த 'கேப்டன்' பட்டம் எப்படி வந்தது? அவர் விமானி. அவருடைய மனைவி உஷாவும் விமானி. இருவரும் ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஓட்டியவர்கள்.

அந்தக் காலத்தில் இது சாத்தியமா?

கொஞ்சம் பின்னால் போவோம். இந்தியாவில் முதல் விமானி உரிமம் ஜே.ஆர்.டி. டாடாவுக்குக் கிடைத்தது 1929 பிப்ரவரியில். அப்போது விமானம் ஓட்டுவது பெரும்பாலும் ஃபிளையிங் கிளப்களில் வசதியானவர்களின் பொழுதுபோக்கு. 1932-ல் ஊர்மிளா பாரிக் உரிமம் வாங்கினார். 1936-ல் லாகூரில் சர்லா தக்ரால் புடவை கட்டிக்கொண்டு தனியாக விமானம் ஓட்டினார். அவருடைய கணவர் பி.டி. சர்மாவும் விமானி. வீட்டில் ஏற்கெனவே ஒருவர் பறந்துகொண்டிருந்தால், பெண்ணுக்கும் வானம் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. உஷாவுக்கும் அப்படித்தான்.

பயணியாக இல்லை, விமானியாக

சுந்தரம் பிறந்தது 1916-ல், உஷா 1924-ல். மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையாரின் டகோட்டா விமானத்தை ஓட்டும் பொறுப்பு சுந்தரத்துக்கு வந்தது. பெங்களூரு ஜக்கூரில் தொடங்கிய அரசு விமானப் பயிற்சிப் பள்ளியின் தலைமையும் அவரிடமே இருந்தது.

கணவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து மேகத்தை வேடிக்கை பார்த்துவிட்டு உஷா வந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஜக்கூர் பள்ளியில் முறையாகப் பயிற்சி எடுத்து, 1949-ல் அங்கிருந்து வெளிவந்த முதல் பெண் ஆனார். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி என்று அவரைச் சொல்வது இதனால்தான். விமான நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் இந்தியப் பெண் விமானி பிரேம் மாத்தூர். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மைசூர் டகோட்டாவில் நேருவும் பட்டேலும் பயணம் செய்தார்கள். சமஸ்தானங்களை இந்தியாவோடு இணைக்கப் பட்டேல் ஊர் ஊராகப் போன காலம் அது. பிரிவினையின்போது பாகிஸ்தானில் சிக்கியவர்களை அழைத்துவரும் பயணங்களிலும் இந்தத் தம்பதி ஈடுபட்டது.

27 மணி நேரம்: என்ன கணக்கு?

1950-களின் தொடக்கத்தில் சென்னை மாகாண அரசு 'டி ஹாவிலண்ட் டவ்' என்ற சிறிய இரட்டை எஞ்சின் விமானத்தை வாங்கியது. இங்கிலாந்து போய் அதை ஓட்டிவரும் வேலை இவர்கள் இருவருக்கும் கிடைத்தது. லண்டனிலிருந்து பம்பாய்க்கு வர ஆன நேரம் சுமார் 27 மணி. அந்த வகை விமானத்துக்கு அது சாதனை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நேர்க்கோட்டில் தூரம் சுமார் 7,200 கிலோமீட்டர். அப்படியென்றால் சராசரி வேகம் மணிக்கு சுமார் 267 கிலோமீட்டர். ஒருமுறை எரிபொருள் நிரப்பினால் டவ் விமானம் அதிகபட்சம் 1,600 கிலோமீட்டர் அளவுக்குத்தான் பறக்கும். வழியில் குறைந்தது 4 இடங்களிலாவது இறங்கியாக வேண்டும். இரண்டு விமானிகளும் சமமாகப் பாடுபட்டால்தான் இந்தக் கணக்கு சரிவரும். இன்று ஜெட் விமானத்தில் இதே தூரம் சுமார் 9 மணி நேரம்.

பிறகு என்ன ஆச்சு?

உஷாவின் விமானி வாழ்க்கை 1950-களின் தொடக்கத்தோடு முடிந்தது. அப்போது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

ஆனால் ஜோடியாக வேலை செய்யும் பழக்கம் நிற்கவில்லை. 1959-ல் சென்னையில் பெருமழை. வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை சுந்தரம் தூக்கி வந்தார். தி.நகர் வீட்டில் குடும்பமாக அவற்றைப் பராமரித்ததில் பிறந்ததுதான் புளூ கிராஸ் ஆஃப் இந்தியா. தெருநாய்களைக் கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்யலாம் என்று 1960-களிலேயே சொன்ன அமைப்பு அது. 2001-ல் மத்திய அரசு அதையே நாடு முழுவதற்கும் விதியாக்கியது. சுந்தரம் 1997-லும், உஷா 2010-லும் காலமானார்கள்.

இப்போது ஏன் இதைப் படிக்க வேண்டும்?

மத்திய அரசு சொல்லும் கணக்குப்படி, இந்திய விமானிகளில் சுமார் 15 சதவீதம் பெண்கள். உலக அளவில் இது 5 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. இந்த 15 சதவீதத்துக்கு முன்னால் போனவர்களில் உஷாவும் ஒருவர். ஆனால் 'கேப்டன்' என்று ஊர் நினைவில் வைத்திருப்பது சுந்தரத்தை மட்டும்தான்.

உங்கள் வீட்டில் ஒருவருக்குப் பறக்கும் ஆசை இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 17 வயது நிறைந்து, குறைந்தது 40 மணி நேரம் பறந்து, தேர்வுகளிலும் மருத்துவப் பரிசோதனையிலும் தேறினால் தனியார் விமானி உரிமம் வாங்கலாம். அதை வைத்துச் சம்பாதிக்க முடியாது, ஆசைக்குப் பறக்கலாம். சேர்ந்து பறக்க ஆசைப்படும் தம்பதி, உஷா போல ஆளுக்கொரு உரிமம் வாங்கிக்கொள்வது நல்லது. அப்போதுதான் இருவரும் விமானி.