தோலை நீக்கிப் பார்த்த ஓவியர்

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஓவியர்களுக்குள்ளும் சாதி இருந்தது. வேத வரலாறுகளையும் கிரேக்க புராணக் காட்சிகளையும் தீட்டியவர் முதற்பந்தியில் அமர்ந்தனர். பிரபுக்களின் முகத்தைத் தீட்டியவருக்கு அடுத்த பந்தி. விலங்குகளைத் தீட்டியவரோ வாயிற்படியண்டை நிற்கவேண்டியவராயினர். குதிரைப் படக்காரர் என்னும் பெயர் அந்நாளில் பாராட்டாக வழங்கியதில்லை. அப்பெயரைத் தம் வாழ்நாள் முழுதும் சுமந்த ஜோர்ஜ் ஸ்டப்ஸ் என்பவர், மனிதரது தசையையும் விலங்கினது தசையையும் தம் கைப்படக் கீறியறிந்து, வைத்தியர்களும் வியக்குமாறு வரைந்து வைத்தவர். பல்கலைக்கழகத்திற் பயின்றவரல்லர், பட்டம் எதுவும் பெற்றவருமல்லர்.

ஸ்டப்ஸ் 1724ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 25ஆந் திகதி லிவர்ப்பூல் நகரிலே பிறந்தார். தந்தையார் பதனிட்ட தோலைச் செப்பஞ்செய்யுந் தொழிலினர். மாட்டுத்தோலும் குதிரைத்தோலும் தொங்கிய வீட்டிலே வளர்ந்த சிறுவனுக்கு, அத்தோலுக்குள்ளே முன்பு என்ன இருந்தது என்று அறியும் அவா எழுந்ததோ என்னவோ! எட்டு வயதளவில், அயலில் வாழ்ந்த வைத்தியரொருவர் இரவலாகக் கொடுத்த எலும்புகளை வைத்து வரைந்து பழகினார் எனப் பிற்காலத்தில் அவரே நண்பருக்குச் சொல்லியிருக்கிறார். தந்தையார் 1741இல் இறந்தார். அதற்குச் சிறிது முன்னரே மகன் ஓவியத்தைத் தொழிலாகக் கொள்ள இசைவு கிடைத்திருந்தது. ஹம்லெட் வின்ஸ்டன்லி என்னும் ஓவியரிடம் மாணவராய்ச் சேர்ந்து, பிரபு ஒருவரின் மாளிகையிலிருந்த படங்களைப் பார்த்தெழுதும் பணியை ஏற்றார். தாம் விரும்பிய படங்களை ஆசிரியர் தமக்கென ஒதுக்கிக்கொள்ளவே, சில வாரங்களுள் அவரைவிட்டு நீங்கினார். இனிப் பிறர் எழுதிய படத்தைப் பார்த்து எழுதுவதில்லை, இயற்கையையே ஆசானாகக் கொள்வது என்று அப்பொழுது செய்த உறுதியை அவர் கடைசிவரை விடவில்லை. பிடிவாதக்காரர் என்றே கூறவேண்டும். அப்பிடிவாதத்தால் அவர் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு.

இருபது வயது கடந்தபின் யோர்க் நகரிற் குடியேறி, முகப்படம் எழுதி வயிறு வளர்த்தார். அங்கே வைத்தியசாலையிற் பணிபுரிந்த சார்ல்ஸ் அற்கின்சன் என்னும் சத்திரவைத்தியர் பிணங்களைக் கீறிக் கற்பதற்கு அவருக்கு வாய்ப்பளித்தார். கற்றது விரைவிலேயே கற்பிக்கும் அளவுக்கு வளர்ந்தது. வைத்திய மாணவருக்கு உடற்கூற்றுப் பாடஞ் சொல்லவும் தொடங்கினார். இவ்விடத்தில் அக்காலத்து நிலையை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும். தூக்கிலிடப்பட்ட குற்றவாளிகளின் உடலையன்றிப் பிறர் உடலைக் கீறுவதற்குச் சட்டம் இடந்தரவில்லை. 1832ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, கல்லறைக் களவு வைத்தியக் கல்வியின் நிழலாகவே தொடர்ந்தது. யோர்க்கிலே ஜோன் பேட்டன் என்னும் வைத்தியர் மகப்பேற்று வைத்தியம் பற்றி எழுதிய நூலுக்குப் படங்கள் வரையும் பொறுப்பை ஸ்டப்ஸ் ஏற்றபோது, பிரசவத்தில் இறந்த பெண்ணொருத்தியின் உடல் மறைவாகக் கொண்டுவரப்பட்டு மேன்மாடமொன்றில் ஒளித்துவைக்கப்பட்டது. ஊரார் அவரைப் பற்றி இழிவாகப் பேசியதில் வியப்பில்லை. அப்பெண்ணின் பெயரை எவரும் எழுதி வைக்கவில்லை என்பதையும் நாம் மறத்தல் ஆகாது. செப்புத்தகட்டிற் படம் பொறிக்கும் வித்தையை அவர் அந்நூலுக்காகவே கற்றார். தையலூசியொன்றை மரக்கைப்பிடியிற் செருகி எழுத்தாணியாக்கிக்கொண்டார் எனவும் கூறுவர். நூல் 1751இல் வெளிவந்தது. படங்களில் மனநிறைவு கொள்ளாத ஸ்டப்ஸ் அவற்றில் தம் பெயரை இடவில்லை.

1754இல் உரோமாபுரிக்குப் போனார். ஏனைய ஓவியர் பழஞ் சிலைகளைக் கண்டு உருகி நின்ற நகரிலே, கலையினும் இயற்கையே மேலானது என்று தமக்குத் தாமே மெய்ப்பித்துக்கொள்ளவே தாம் போனதாக அவர் பின்னர் உரைத்தார். அப்பயணத்தைப் பற்றி வேறு சொல்வதற்கு அதிகமில்லை.

1756ஆம் ஆண்டளவில் லிங்கன்சயரிலே, ஹம்பர் ஆற்றுக்குத் தென்புறத்தேயுள்ள ஹோர்க்ஸ்ரோ என்னுஞ் சிற்றூரில் ஒதுங்கிய பண்ணைவீடொன்றை வாடகைக்குப் பெற்றார். அங்கே பதினெட்டு மாதங் குதிரைகளைக் கீறிப் படம் எழுதினார். உடனிருந்தவர் அவருடைய வாழ்க்கைத்துணையாய் விளங்கிய மேரி ஸ்பென்சர் ஒருவரே. செய்த முறை வருமாறு: குதிரையின் கழுத்து நாளத்தைத் திறந்து குருதியை வடியவிட்டு அதனைக் கொல்வார். இரத்தக் குழாய்கள் சுருங்காது தம் வடிவில் நிற்குமாறு கொழுப்பை உருக்கி உட்செலுத்துவார். பின்னர் கூரையிலிருந்து இரும்புச் சட்டத்தைத் தொங்கவிட்டு, அதிற் பூட்டிய கொளுவிகளாற் குதிரையைத் தூக்கி, குளம்புகளைப் பலகையொன்றின்மேல் வைத்து, உயிரோடு நடந்து செல்வதுபோலவே நிறுத்துவார். வயிற்றுப்புறத்தில் தொடங்கித் தசையை அடுக்கடுக்காக உரித்து, ஒவ்வோர் அடுக்கையும் அளந்து வரைந்து, குறிப்பெழுதி, அதன்பின்னரே அடுத்த அடுக்கிற் கைவைப்பார். ஒரு குதிரை பதினொரு வாரம் அவ்வாறு தொங்கியது. அழுகல் நாற்றத்தை எண்ணிப் பாருங்கள்! கொல்லாமையை அறமெனக் கொண்ட நம்மவருக்கு இச்செய்கை உவப்பாயிராது. எத்தனை குதிரைகள் மாண்டனவென்று கணக்குமில்லை. ஆயினும், இன்று நோயுற்ற குதிரையொன்றின் காலைத் தொட்டு நோவிருக்கும் இடத்தைக் காணும் விலங்கு வைத்தியருடைய கல்வி, இத்தகைய பண்ணைவீடுகளில் தொடங்கியதே.

குதிரை நூல் அதற்கு முன்னர் இல்லாமலில்லை. இத்தாலிய நாட்டுக் கார்லோ ருயினி எழுதியது 1598இலேயே பொலோஞாவில் அச்சேறியது. பின்வந்தோர் பலரும் அப்படங்களையே பார்த்து எழுதினர். ஸ்டப்ஸ் தம் வழக்கப்படி குதிரையையே பார்த்தார். மனிதத் தசைகளைக் கற்றிருந்தமையால் இரண்டையும் மனத்துள் ஒப்பிடாது இருக்க அவரால் இயலவில்லை. ஒல்லாந்து நாட்டு அல்பீனஸ் என்பார் மனிதத் தசைகளுக்கு இட்ட பெயர்களையே குதிரைத் தசைகளுக்கும் வழங்கினார். இவ்வொப்புமையில் வியப்பானவை பல உள. குதிரையின் முழங்கால் என்று முன்காலில் நாம் சுட்டுவது உண்மையில் மணிக்கட்டு. குளம்பு, நடுவிரலொன்றின் நகம். மணிக்கட்டின் கீழே பருத்த தசை எதுவுமில்லை. தசையெல்லாம் உடலையொட்டி மேலே இருக்க, நீண்ட தசைநாண்களே கீழிறங்கிக் குளம்பை இழுக்கின்றன. கால் மெலிந்து இலேசாக இருப்பதாலேயே ஓட்டம் விரைகின்றது. நமக்குத் தோளை மார்போடு பிணைப்பது காறையெலும்பு. குதிரைக்கு அவ்வெலும்பே கிடையாது. முன்னங்கால்கள் இரண்டுக்கும் நடுவே அதன் பெரிய மார்பு, தசைகளாலான தூளியிற் கிடப்பதுபோலத் தொங்குகின்றது. தோலுக்கு அடியிலே மெல்லிய தசைவிரிப்பு ஒன்று உடலின் பெரும்பகுதியை மூடியிருக்கிறது. ஈ வந்து குந்தியதும் குதிரை தன் தோலை மட்டுஞ் சிலிர்த்து அதனை ஓட்டுவது இத்தசையினாலே. மனிதனுக்கோ அது கழுத்தை அண்டிய சிறு பகுதியளவிலேயே எஞ்சியிருக்கிறது.

வரைந்து முடித்த படங்களோடு இலண்டனுக்குச் சென்றார். செப்புத்தகட்டிற் பொறித்துத் தருமாறு அங்குள்ள சிறந்த பொறிப்பாளரைக் கேட்டார். நாசித் துண்டும் காதுக் குருத்தும் தசை நாருமாகிய படங்களைக் கண்டு அவர்கள் மறுத்துவிட்டனர். எனவே தாமே பொறிக்கத் துணிந்தார். பகலில் பணத்துக்காகப் படந் தீட்டுவார். அதிகாலையிலும் இரவிலும் செப்புத்தகட்டோடு போராடுவார். இவ்வாறு ஆறேழு ஆண்டுகள் கழிந்தன. 1766இல் 'குதிரையின் அங்காதிபாதம்' என நாம் பெயரிடத்தக்க அந்நூல் வெளிவந்தது. (அங்காதிபாதம் என்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டில் மானிப்பாயிலே வைத்தியக் கல்வியைத் தமிழிற் புகட்டிய கிறீன் வைத்தியர் காலத்து நூல்கள் வழங்கிய நல்ல சொல், இன்று அதனை மறந்துவிட்டோம்.) பெரும் படங்கள் பதினெட்டு. என்புக்கூட்டைப் பக்கத்திலிருந்தும் முன்னிருந்தும் பின்னிருந்தும் காட்டுவன மூன்று. அம்மூன்று திசைகளிலும் தசையை ஐந்தைந்து படியாக உரித்துக் காட்டுவன பதினைந்து. இப்படங்களில் இரத்தமில்லை, கத்தியில்லை, கொளுவியில்லை. தோலிழந்த குதிரை வெண்டாளில் அமைதியாக நடந்து செல்கின்றது. இந்த அமைதியே நம்மை ஒரு கணம் நடுங்கவைப்பது. ஒல்லாந்து அறிஞர் பேத்துருஸ் காம்பர் நூலைக் கண்டு வியந்து ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார்.

பிரபுக்கள் இதற்குள்ளேயே அவரைத் தேடி வரத்தொடங்கியிருந்தனர். 1762ஆம் ஆண்டளவில் றொக்கிங்காம் பிரபுவுக்காக எழுதிய 'விசில்ஜாக்கெட்' என்னும் குதிரைப்படம், உயிரளவை ஒட்டிய பேருருவம். பின்னணியில் மரமில்லை, வானமில்லை. எழும்பி நிற்கும் குதிரை மட்டுமே. பின்னங்கால்கள் தாங்கும் பாரம் எந்தத் தசைவழியே இறங்குகின்றது என்பது அதில் தெளிவாய்த் தெரியும். இதனை இலண்டன் தேசிய ஓவியக்கூடம் 1997இல் 11 மில்லியன் பவுண் கொடுத்து வாங்கியது.

அயல்நாட்டு விலங்குகளும் அவரிடம் வந்தன: வரிக்குதிரை, காண்டாமிருகம், வில்லியம் ஹன்டர் என்னும் வைத்திய அறிஞருக்காக எழுதிய நீலான். கங்காருவை உயிரோடு அவர் கண்டதில்லை. பதனிட்டுக் கொணர்ந்த தோலை வைத்தே எழுதினார். உள்ளுறுப்பைக் கற்காது புறத்தை எழுதினால் என்னாகும் என்பதற்கு அப்படமே சான்று எனலாம். தமிழர்க்கு ஈர்ப்புடையது மற்றொன்று. சென்னையிலே கிழக்கிந்தியக் கம்பனியின் ஆளுநராயிருந்த ஜோர்ஜ் பிகொட் 1760களில் இங்கிலாந்துக்குத் திரும்புகையிற் சிவிங்கியொன்றைக் கொண்டுசென்று மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்குக் காணிக்கையாக்கினார். வின்ட்சர்ச் சோலையிற் கலைமானொன்றின்மேல் அதனை ஏவியபோது மான் அஞ்சி ஓடாது எதிர்த்து நின்றதாம். சிவிங்கியையும் மானையும், தலைப்பாகையுடன் நிற்கும் இந்தியப் பணியாளர் இருவரையும் ஸ்டப்ஸ் ஒரே படத்தில் எழுதினார். அது மன்செஸ்டர் ஓவியக்கூடத்தில் உளது. சிவிங்கியின் தோள் மட்டுமன்று, அதனைப் பற்றியிருக்கும் மனிதரின் முகமும் கையும் அவ்வளவு கவனத்தோடு எழுதப்பட்டிருக்கின்றன.

மதிப்பு மட்டும் முழுமையாகக் கிட்டவில்லை. அரச கலைக்கழகம் 1780இல் அவரைத் துணையுறுப்பினராகவும் அடுத்த ஆண்டில் உறுப்பினராகவும் தெரிந்தெடுத்தது. தம் படங்களை அங்கு தொங்கவிட்ட முறையில் மனக்குறை கொண்டிருந்த அவர், உறுப்பினர் கொடுக்கவேண்டிய படத்தைக் கொடுக்க மறுத்தார். எனவே பட்டயம் வரவில்லை. முதுமையிலும் இதே குணந்தான். பந்தயத்தில் வென்று களைத்த 'ஹம்பிள்டோனியன்' என்னும் குதிரையை 1800இல் எழுதினார். வெற்றியைக் கொண்டாடுமென எதிர்பார்த்த உரிமையாளருக்கு, நரம்பு புடைத்து நுரைதள்ளிச் சோர்ந்துபோன உயிரொன்றே கிடைத்தது. பணந் தர மறுத்த அவர்மேல் வழக்குத் தொடுத்து ஸ்டப்ஸ் வென்றார்.

எழுபதைக் கடந்த வயதிலே, 1795இல், மிகப் பெரிய முயற்சியைத் தொடங்கினார். மனிதன், புலி, கோழி ஆகிய மூன்றினது உடலமைப்பையும் ஒப்பிட்டு விளக்குவது அதன் நோக்கம். ஏன் இம்மூன்று? இருகாலால் நடப்பதொன்று, நாற்காலால் நடப்பதொன்று, சிறகுடையதொன்று. புலியையும் கோழியையும் மனிதனையும் ஒரே நிலையில் நிறுத்தி, தோல் முதல் என்புவரை படிப்படியாக உரித்தார். மனிதனைக் கைகளை ஊன்றிப் புலிபோலத் தவழவைத்து எழுதிய படமும் உண்டு. முன்னர்க் கூறிய காறையெலும்பையே எடுத்துக்கொள்வோம்: மனிதனில் அது முழுதாயிருக்கிறது, புலியில் தசைக்குள்ளே மிதக்கும் சிறு துண்டாய்ச் சுருங்கிவிட்டது, கோழியில் இரண்டும் ஒன்றாய் இணைந்து கவையாய் நிற்கின்றது. சிறகைத் தாழ்த்தும் தசையும் உயர்த்தும் தசையும் கோழிக்கு மார்பிலேயே உள. உயர்த்தும் தசையின் நாண் கப்பியில் ஓடும் கயிறுபோலத் தோளைச் சுற்றி மேலேறுகின்றது. நிமிர்ந்து நிற்கும் மனிதனுக்கோ பிட்டத் தசை பருத்திருக்கிறது. டார்வினுடைய நூல் வெளிவர இன்னும் அறுபதாண்டு இருந்தது. உயிர்கள் ஒரு வழியில் வந்தவை என்று ஸ்டப்ஸ் எங்கும் சொன்னாரல்லர். படங்களை அருகருகே வைத்தார், அவ்வளவே.

நூலை ஆறு பகுதிகளாக வெளியிட எண்ணியிருந்தார். மூன்று பகுதிகளே வெளிவந்தன. 1806ஆம் ஆண்டு யூலை 10ஆந் திகதி, எண்பத்தோராம் வயதில், இலண்டனிலே அவர் காலமானார். முந்தின நாளும் எட்டொன்பது மைல் நடந்தவர். இறப்புக்கு அஞ்சவில்லையென்றும், ஒப்பீட்டு நூலை முடிக்கும்வரை இருக்க விரும்பியதாகவும் அருகிலிருந்தோரிடங் கூறினாராம். மேரி ஸ்பென்சர் பின்னும் பதினொரு ஆண்டுகள் வாழ்ந்தார்.

குதிரை நூலுக்கெழுதிய மூலப் படங்களுள் நாற்பதுக்கு மேற்பட்டவை, தம் வாசலில் அவரைத் தயங்க வைத்த அதே அரச கலைக்கழகத்திடம் பின்னாளிற் சேர்ந்தன. மனிதன், புலி, கோழிப் படங்களோ கடல் கடந்து அமெரிக்காவை அடைந்து, மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்ரர் நகரின் பொது நூலகத்திற் கிடந்தன. 1957இலேயே அறிஞர் கண்ணிற்பட்டன. இப்பொழுது யேல் பல்கலைக்கழகத்தின் பிரித்தானியக் கலை நிலையத்தில் அவை பாதுகாக்கப்படுகின்றன.