வியர்வைத் துளியை அழிக்க மறுத்தவர்

திகில் காமிக்ஸ்னு சொன்னாலே கல்லறை, எழுந்து வரும் பிணம், இளிச்சுக்கிட்டே கதை சொல்லும் ஒரு கோர முகம்னு ஒரு படம் மனசுல ஓடும் இல்லையா? அந்தப் படத்துக்குப் பெரிய காரணம் வில்லியம் கெய்ன்ஸ். வேடிக்கை என்னன்னா, அவருக்கு காமிக்ஸ் பக்கம் வரவே இஷ்டம் இல்லை. கெமிஸ்ட்ரி வாத்தியார் ஆகணும் என்பதுதான் அவர் ஆசை.

1922-ல் நியூயார்க்கில் பிறந்தார். அப்பா மேக்ஸ் கெய்ன்ஸ், அமெரிக்காவில் காமிக்ஸ் புத்தகம் என்ற வடிவத்தைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர். எஜுகேஷனல் காமிக்ஸ் என்ற பெயரில் பைபிள் கதைகள், வரலாறு எல்லாம் போட்டு வந்தார். அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஒத்தே போகாது. 1947-ல் ஒரு படகு விபத்தில் அப்பா இறந்துவிட, கடனில் இருந்த கம்பெனி 25 வயசுப் பையன் தலையில் விழுந்தது.

முதல்ல ஏனோதானோன்னுதான் நடத்தினார். 1948-ல் ஆல் ஃபெல்ட்ஸ்டைன் என்ற ஓவியர் வேலைக்குச் சேர்ந்ததும் கதை மாறிடுச்சு. எஜுகேஷனல் என்பது என்டர்டெய்னிங் ஆனது. சுருக்கம் மட்டும் அதே ஈ.சி.தான். சின்ன வயசில் ரேடியோவில் கேட்ட திகில் நாடகங்கள் மாதிரி காமிக்ஸ் போட்டா என்னன்னு இரண்டு பேருக்கும் தோணியது. 1950-ல் டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட், வால்ட் ஆஃப் ஹாரர், ஹான்ட் ஆஃப் ஃபியர் என்று மூன்று இதழ்கள் உருவாயின. ஒவ்வொரு இதழிலும் தனித்தனிக் கதைகள். ஆரம்பிச்சு வைக்கவும் முடிச்சு வைக்கவும் கிண்டல் பேசும் ஒரு கதைசொல்லி.

உடம்பு இளைக்க கெய்ன்ஸ் சாப்பிட்ட மாத்திரைகள் அவர் தூக்கத்தைக் கெடுத்தன. ராத்திரி பூரா கதை படிப்பார், கிடைச்ச ஐடியாக்களைத் துண்டுக் காகிதங்களில் குறிப்பார். காலையில் ஃபெல்ட்ஸ்டைனுடன் உட்கார்ந்து பேசுவார். அன்றைக்கே ஒரு கதை ரெடி. பெரும்பாலும் தப்பு பண்ணினவன் அதே தப்பால் மாட்டிச் சாவான். இதழ்கள் பிச்சிக்கிட்டுப் போச்சு. மற்ற கம்பெனிகளும் ரத்தத்தில் இறங்கின.

எதிர்ப்பும் கூடவே வளர்ந்தது. மனநல மருத்துவர் ஃப்ரெட்ரிக் வெர்தம், சிறுவர்கள் கெட்டுப் போவதற்கு காமிக்ஸ் ஒரு காரணம் என்று 1954-ல் புத்தகமே எழுதினார். அதே ஏப்ரலில் அமெரிக்க செனட் துணைக்குழு நியூயார்க்கில் விசாரணை நடத்தியது. கெய்ன்ஸ் தானாகவே முன்வந்து சாட்சி சொன்னார். பாதியிலேயே மாத்திரையின் வேகம் இறங்கி உடம்பு தளர்ந்துவிட்டது. ஒரு கையில் கோடரி, மறுகையில் ஒரு பெண்ணின் வெட்டிய தலை என்றிருந்த அவர் கம்பெனி அட்டையைக் காட்டி, இது ரசனையான விஷயமான்னு செனட்டர் கீஃபாவர் கேட்டார். திகில் காமிக்ஸ் அட்டைக்கு இது பொருத்தம்தான், கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுறது தெரியும்படி தலையை இன்னும் உயரத் தூக்கியிருந்தால்தான் மோசம் என்கிற மாதிரி பதில் சொன்னார். உண்மையாகத்தான் சொன்னார். ஆனா அந்தப் பதில் அவரைக் கவிழ்த்துடுச்சு.

சேர்ந்து எதிர்க்கலாம் என்று மற்ற பதிப்பாளர்களை அழைத்து கெய்ன்ஸே கூட்டம் போட்டார். அந்த முயற்சி அவருக்கு எதிராகவே திரும்பியது. அதிலிருந்து பிறந்த சங்கம் காமிக்ஸ் கோட் என்ற விதிகளைக் கொண்டு வந்தது. தலைப்பில் ஹாரர், டெரர் என்ற சொற்களே வரக்கூடாது. ரத்தக்காட்டேரியும் நடக்கும் பிணமும் கூடாது. சங்கத்தின் முத்திரை இல்லாத இதழ்க் கட்டுகளை விநியோகஸ்தர்கள் பிரிக்காமலே திருப்பி அனுப்பினார்கள். கெய்ன்ஸ் திகில் இதழ்களை நிறுத்தினார். கடைசியில் சங்கத்திலும் சேர்ந்தார்.

இந்த இடத்தில்தான் அவர் யாருன்னு தெரியுது. 1953-ல் வெளியிட்ட ஜட்ஜ்மென்ட் டே என்ற கதையை மறுபடி போட நினைத்தார். ஆரஞ்சு ரோபோக்கள் நீல ரோபோக்களை ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு கிரகம். அதைச் சோதிக்க பூமியிலிருந்து ஒருவர் வருகிறார். நீங்கள் இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிறார். கடைசிக் கட்டத்தில் ஹெல்மெட்டைக் கழற்றினால் அவர் ஒரு கறுப்பர், முகத்தில் வியர்வை மின்னுகிறது. ரத்தம் இல்லை, பேய் இல்லை. ஆனாலும் கோட் அதிகாரி, அந்த மனிதர் கறுப்பராக இருக்கக் கூடாது என்றார். பிறகு வியர்வையையாவது அழிக்கச் சொன்னார். விஷயத்தை ஊருக்கே சொல்லிடுவேன்னு மிரட்டி, ஒரு துளியும் மாற்றாமல் கெய்ன்ஸ் அச்சடித்தார். 1956-ன் தொடக்கத்தில் வந்த அந்த இதழோடு ஈ.சி. காமிக்ஸ் வெளியீடு முடிந்தது.

மிச்சம் இருந்தது ஹார்வி கர்ட்ஸ்மேன் 1952-ல் தொடங்கிய மேட் என்ற நையாண்டி காமிக்ஸ். 1955-லேயே அது பெரிய சைஸ் பத்திரிகையாக மாறியிருந்ததால் கோட் அதைத் தொட முடியவில்லை. 1970-களில் அது 20 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. கெய்ன்ஸ் 1992-ல் இறந்தார். அதற்கு முன்பே, 1989-ல், டேல்ஸ் ஃப்ரம் த கிரிப்ட் டிவி தொடராகத் திரும்பி வந்திருந்தது. காமிக்ஸ் கோட் 2011 வரை இழுத்துக்கொண்டு கிடந்து, கடைசிக் கம்பெனிகளும் விலகியதும் செத்துப்போனது. அடுத்த வருஷம், வெர்தம் தன் ஆதாரங்களைத் திரித்து எழுதியிருந்ததை அவருடைய காகிதங்களைப் படித்த ஓர் ஆய்வாளர் வெளியிட்டார்.

வெட்டிய தலை அட்டை எல்லாருக்கும் பிடிக்கணும்னு இல்லை. ஆனா குழந்தைகளைக் காப்பாத்தப் போட்ட விதி, இரண்டே வருஷத்தில் ஒரு கறுப்பரின் முகத்தை அழிக்கச் சொல்லி வந்து நின்னதே, அதை யோசிச்சுப் பாருங்க.