தோல்வி அறியாத பயில்வான்!

குட்டீஸ்... 'டிவி'யில் மல்யுத்தம் வந்துவிட்டால், உங்களில் பல பேருக்குச் சோறு, தண்ணீர் கூட வேண்டாம், சரிதானே?

மலை மாதிரி இரண்டு பேர் மேடையில் மோதிக் கொண்டிருப்பர். மூலையில், கயிற்றைப் பிடித்தபடி கூட்டாளி ஒருவர், கையை நீட்டித் தவித்துக் கொண்டிருப்பார். கை தொட்டதும், வெளியே நின்றவர் உள்ளே பாய்வார். உள்ளே அடி வாங்கியவர் வெளியே வருவார். இந்த ஜோடிச் சண்டையைத் தான், 'டேக் டீம்' என்கின்றனர்.

அந்த வீரர்களின் படம் போட்ட சீட்டுகளை வைத்தும் விளையாடி இருப்பீர்கள். யாருக்கு உயரம் அதிகம், யாருக்கு எடை அதிகம் என்று பார்த்து, பெரிய எண் வைத்திருப்பவர் மற்றவரின் சீட்டைத் தட்டிக் கொண்டு போவார்.

இப்போது சொல்லப் போகும் பயில்வானின் சீட்டு உங்கள் கையில் வந்தால், நீங்கள் தோற்றுத் தான் போவீர்கள். ஏனென்றால், அவர் உயரம் 5 அடி 7 அங்குலம் தான். நம் தெருவில் போகும் அண்ணன்களின் உயரம்! ஆனால், நிஜமான கோதாவில் அவரை வென்றவர் யாருமே இல்லை என்று, இன்றும் உலகம் கொண்டாடுகிறது.

அவர் தான், 'காமா பயில்வான்!'

ஆறு வயதில் அப்பாவை இழந்தவர்!

பஞ்சாபில், அமிர்தசரஸ் பக்கத்தில், ஜப்போவால் என்ற கிராமத்தில், 1878, மே 22ம் தேதி பிறந்தார் காமா. இயற்பெயர், குலாம் முகமது பக்ஷ் பட். காஷ்மீரில் இருந்து வந்து குடியேறிய குடும்பம். அப்பா, தாத்தா, மாமா என எல்லாருமே பயில்வான்கள்.

அப்பா அஜீஸ் பக்ஷ், ததியா சமஸ்தானத்தில் பயில்வானாக இருந்தார். காமாவுக்கு ஆறு வயது இருக்கும் போதே, அவர் இறந்துவிட்டார். அம்மாவின் அப்பா, பேரனைத் தூக்கி வளர்த்தார். சில காலத்தில் அவரும் போய்விட, மாமா ஈதா பயில்வான், பொறுப்பை ஏற்றுக் கொண்டார். அப்பா விட்டுச் சென்ற இடத்தை, இந்தப் பையன் பிடிக்க வேண்டும் என்பது தான் மாமாவின் ஆசை.

கடந்த, 1888ல், ஜோத்பூர் மகாராஜா ஒரு போட்டி வைத்தார். யார் அதிக நேரம் பஸ்கி எடுக்கிறார் என்ற போட்டி. பஸ்கி தெரியுமில்லையா? உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது! நாடு முழுவதிலும் இருந்து, 400க்கும் மேற்பட்ட பயில்வான்கள் வந்திருந்தனர். அவர்களுக்கு நடுவே, 10 வயது காமாவும் நின்றான்.

நேரம் ஆக ஆக, பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் கால் நடுங்கி ஒதுங்கினர். கடைசி, 15 பேர் மட்டும் மிஞ்சிய போது, அதில் இந்தப் பொடியனும் இருந்தான். அசந்து போன மகாராஜா, அவனையே வெற்றியாளனாக அறிவித்தார். அதற்குப் பின், காமாவின் பயிற்சிக்கு ததியா மகாராஜாவின் ஆதரவு கிடைத்தது.

பயில்வான் உருவாவது எப்படி?

குட்டீஸ், பயில்வான்கள் பிறக்கும் போதே பயில்வானாகப் பிறப்பதில்லை. அதற்கு ஒரு பெரிய படிப்பு இருக்கிறது.

வடநாட்டில் குஸ்தி பழகும் இடத்தை, 'அகாடா' என்பர். நடுவே சதுரமாக மண் குழி. அந்த மண்ணைச் சலித்து, எண்ணெய், மோர், மஞ்சள் எல்லாம் கலந்து, பூப்போல் வைத்திருப்பர். விழுந்தால் அடிபடக் கூடாது. சிராய்ப்பு ஏற்பட்டாலும் புண்ணாகக் கூடாது என்பதற்காகத் தான் இத்தனை ஏற்பாடு. தினமும் அந்த மண்ணை வெட்டிக் கிளறிப் போடுவதும், பழக வரும் சீடர்களின் வேலையே. அதுவும் ஒரு பயிற்சி தான்!

விடியற்காலை இருட்டிலேயே எழ வேண்டும். லங்கோடு கட்டி, குருவை வணங்கி, மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுத் தான் உள்ளே இறங்க வேண்டும். தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை சுற்றுதல், கயிறு ஏறுதல்... அதன் பின்னரே குஸ்தி.

காமா, ஒரு நாளைக்கு, 5,000 பஸ்கியும், 3,000 தண்டாலும் எடுப்பார். 40 பேருடன் மாறி மாறி குஸ்தி போடுவார் என்கின்றனர். சாப்பாட்டில் பால், நெய், பாதாமுக்குக் குறைவே இருக்காது. ஆனால், சாப்பாடு மட்டும் பலம் தராது. உழைப்பும் வேண்டும் என்பதை, அந்த எண்ணிக்கையே சொல்லும்.

பரோடாவில், 1902ல், 1,200 கிலோ எடையுள்ள கல்லை அவர் தூக்கினார் என்று சொல்லப்படுகிறது. அந்தக் கல், இப்போதும் அங்குள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மீஞ்சூர், பொன்னேரி பக்கம் வசிக்கும் குட்டீஸ், காட்டுப்பள்ளி துறைமுகத்தில் ராட்சத கிரேன்கள், கப்பலில் இருந்து இரும்புப் பெட்டிகளைத் தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். 1,200 கிலோ என்பது, ஒரு காரின் எடை. அதற்கு ஒரு மனிதர் கை வைத்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்!

ஏழடி எதிராளி!

அந்தக் காலத்தில், இந்தியாவின் முதல் பயில்வான் என்று பெயர் வாங்கியிருந்தவர், குஜ்ரன்வாலாவைச் சேர்ந்த ரஹீம் பக்ஷ். ஏறக்குறைய ஏழடி உயரம்! 1895ல், 17 வயது காமா, அவருடன் மோதத் துணிந்தார். ஒட்டகச்சிவிங்கியோடு ஆட்டுக்குட்டி மோதுவது போல் இருக்கிறது என்று தான் எல்லாரும் நினைத்தனர்.

ஆனால், மணிக்கணக்கில் போராடியும், ரஹீமால் இந்த இளைஞரை மல்லாத்த முடியவில்லை. போட்டி சமனில் முடிந்தது. அன்றிலிருந்து, காமாவின் பெயர் நாடெங்கும் பரவியது.

லண்டனில் அவமானம்!

கடந்த, 1910ல், தம்பி இமாம் பக்ஷுடன், கப்பல் ஏறி லண்டன் போனார் காமா. உலகின் சிறந்த மல்யுத்த வீரர்கள் அப்போது அங்கே கூடியிருந்தனர். போட்டியில் சேரப் பெயர் கொடுத்தால், உயரம் போதாது என்று ஒதுக்கி விட்டனர். இத்தனை தூரம் வந்து, கோதாவில் கால் வைக்காமலே திரும்புவதா?

காமா கோபப்பட்டுக் கத்தவில்லை, ஊருக்கும் திரும்பவில்லை. எந்த எடையில் இருந்தாலும் சரி, மூன்று வீரர்களை, 30 நிமிடத்தில் வீழ்த்திக் காட்டுகிறேன் என்று, சவால் விட்டார். முதலில் அதை யாரும் நம்பவில்லை. ஏதோ விளம்பரத்துக்காகச் சொல்கிறார் என்று நினைத்தனர்.

கடைசியில், அமெரிக்க வீரர் பெஞ்சமின் ரோலர் முன்வந்தார். இவர் மருத்துவம் படித்த டாக்டர்! ஆகஸ்ட், 8ம் தேதி நடந்த போட்டியில், இரண்டு நிமிடம் முடிவதற்குள் ரோலரை மல்லாக்கப் போட்டார் காமா. இரண்டாவது முறையும் அதே கதை தான். தம்பி இமாமும் சும்மா இருக்கவில்லை; சுவிட்சர்லாந்து வீரர் ஜான் லெம்மை வீழ்த்தினார். அண்ணனும், தம்பியும் லண்டனின் பேச்சாகி விட்டனர்.

படுத்தே தப்பித்தவர்!

அடுத்து வந்தவர், போலந்து நாட்டின் ஸ்பிஸ்கோ. 100 கிலோவுக்கும் மேல் எடை. செப்டம்பர், 10ம் தேதி, 'ஜான் புல் பெல்ட்' என்ற பட்டத்துக்கான போட்டி நடந்தது.

எதிராளியின் இரண்டு தோள்களும் தரையில் படும்படி அழுத்தினால் தான் வெற்றி. ஆட்டம் துவங்கிய சிறிது நேரத்திலேயே, காமாவின் பலம் ஸ்பிஸ்கோவுக்குப் புரிந்து விட்டது. என்ன செய்தார் தெரியுமா? விரிப்பில் குப்புறப் படுத்துக் கொண்டார்! காமா இழுத்தார், புரட்டினார், தூக்கப் பார்த்தார். அந்த எருமை உடம்பு அசையவே இல்லை.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று, நம் ஊரில் கேலியாகச் சொல்வர். ஸ்பிஸ்கோவோ, குப்புறப் படுத்தே தோல்வியில் இருந்து தப்பினார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகியும் முடிவு தெரியாததால், ஒரு வாரம் கழித்து மறுபடியும் மோதச் சொன்னார்கள்.

செப்டம்பர், 17ம் தேதி, காமா வந்து காத்திருந்தார். ஸ்பிஸ்கோ வரவே இல்லை. பெல்ட் காமாவுக்குத் தரப்பட்டது. உயரம் போதாது என்று விரட்டப்பட்டவர், பட்டத்தோடு ஊர் திரும்பினார். வந்த கையோடு, அலகாபாத்தில், ஏழடி ரஹீமையும் வென்று, 'ருஸ்தம் - இ - ஹிந்த்' ஆனார். இந்தியாவின் மாவீரன் என்று பொருள்.

ஆனால், ஸ்பிஸ்கோவைத் தோளில் மண்பட வீழ்த்தவில்லையே என்ற குறை, அவர் மனதில் இருந்தது. அது தீர, 18 ஆண்டுகள் ஆயின. 1928, ஜனவரியில், பாட்டியாலா மகாராஜா அந்தப் போட்டியை நடத்தினார். ஸ்பிஸ்கோ, இதற்குள் அமெரிக்காவில் உலக சாம்பியன் பட்டத்தையே வென்றிருந்தார். காமாவுக்கு வயது, 50ஐ நெருங்கிக் கொண்டிருந்தது. இந்த முறை, விரிப்பு இல்லை; நம் நாட்டு மண் கோதா. ஒரு நிமிடம் கூட ஆகவில்லை. ஸ்பிஸ்கோ மல்லாந்து கிடந்தார்! மகாராஜா, வெள்ளியில் செய்த கதாயுதத்தைப் பரிசாகத் தந்தார்.

நிஜமான வீரம்!

குட்டீஸ், இத்தனை நேரம் சொன்னது எல்லாம் காமாவின் பலம். இனி சொல்லப் போவது தான் அவரது வீரம்.

1947ல், நம் நாடு சுதந்திரம் பெற்ற போது, இந்தியா, பாகிஸ்தான் என இரண்டாகப் பிரிந்தது. எல்லையின் இரு பக்கமும் பெரும் கலவரம். பக்கத்து வீட்டுக்காரர்களே ஒருவரை ஒருவர் வெட்டிக் கொண்ட கொடுமையான நாட்கள் அவை.

காமா அப்போது லாகூரில் வசித்தார். அவர் இருந்த தெருவில், இந்துக் குடும்பங்கள் பல இருந்தன. அவர்களைத் தாக்க, ஆயுதங்களுடன் ஒரு கும்பல் வந்தது. கிட்டத்தட்ட, 70 வயதான காமா, தன் சீடர்களுடன் தெருவில் வந்து நின்றார். இந்தத் தெருக்காரர்கள் என் சகோதரர்கள். என்னைத் தாண்டித் தான் தொட வேண்டும் என்று அவர் நின்ற நிலையைப் பார்த்து, கும்பல் பின்வாங்கியது.

நிலைமை மோசமானதும், அந்தக் குடும்பங்களைப் பத்திரமாக எல்லை வரை கொண்டு வந்து விட்டார். வழிச் செலவுக்கும், சாப்பாட்டுக்கும் தன் பணத்தைக் கொடுத்து, வழி அனுப்பி வைத்தார்.

கோதாவில் எதிரே ஒருவர் தான் நிற்பார், விதிகள் உண்டு, நடுவர் உண்டு. அன்று தெருவில் விதியும் இல்லை, நடுவரும் இல்லை. தோற்றால், உயிரே போயிருக்கும். காமா போட்ட குஸ்திகளிலேயே பெரியது, யார் மீதும் கை வைக்காத அந்தக் குஸ்தி தான்!

அவரது கடைசி நாட்கள், கஷ்டத்தில் கழிந்தன. நோயும், வறுமையும் வாட்டின. மல்யுத்த ரசிகரான இந்தியத் தொழிலதிபர் ஜி.டி.பிர்லா, எல்லை தாண்டி உதவித் தொகை அனுப்பினார். 1960, மே 23ல், லாகூரில் காலமானார் காமா. 2022ம் ஆண்டு, அவரது பிறந்த நாளன்று, கூகுள் நிறுவனம், தன் முகப்பில் அவர் படத்தைப் போட்டு மரியாதை செய்தது.

மல்யுத்தத் துளிகள்!

* குங்பூ புகழ் புரூஸ் லீ, காமாவின் உடற்பயிற்சிகளைப் படித்து, தானும் கடைப்பிடித்தார்.

* காமாவின் தம்பி இமாமின் பிள்ளைகளும் பயில்வான்களே. 'போலு சகோதரர்கள்' என்று புகழ் பெற்றனர்.

* பஞ்சாபைச் சேர்ந்த தாராசிங், 1968ல், மும்பையில், அமெரிக்காவின் லூ தெஸ்சை வென்றார். அவர் தம்பி ரந்தாவாவும் மல்யுத்த வீரர். 'டிவி' ராமாயணத்தில் அனுமனாக நடித்த தாராசிங், 2012ல் காலமானார். நீ என்ன பெரிய தாராசிங்கா என்று, உங்கள் தாத்தா கேட்டிருப்பாரே!

* 'டிவி'யில் பார்க்கும் சண்டைகளில், யார் ஜெயிப்பது என்பதை முன்பே முடிவு செய்து விடுவர். அதற்காக எல்லாம் பொய் என்று நினைக்காதீர்கள். தலை தரையில் மோதாமல், தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகு முழுவதும் பரவலாகப் படும்படி விழுவதற்கே மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கின்றனர். எனவே, வீட்டுக் கட்டிலிலும், வகுப்பு பெஞ்சிலும் ஏறிக் குதித்து, தம்பி, தங்கையிடம் அதைச் செய்து பார்க்கக் கூடாது!

* நம் பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு, 'மாமல்லன்' என்று பட்டம். பெரிய மல்யுத்த வீரன் என்று அர்த்தம். அந்தப் பெயரில் தான் மாமல்லபுரம் விளங்குகிறது.

என்ன குட்டீஸ்... அடுத்த முறை சீட்டு விளையாடும் போது, காமாவை நினைத்துக் கொள்ளுங்கள். உயரத்துக்கு ஒரு எண் உண்டு. எடைக்கு ஒரு எண் உண்டு. ஆபத்தில் இருப்பவருக்கு முன்னால் போய் நிற்கும் துணிச்சலுக்கு, எந்தச் சீட்டிலும் எண் கிடையாது. ஆனால், ஆட்டத்தில் ஜெயிப்பது அது தான்!