கை மரத்தது, கண் மங்கியது: உட்ரோ வில்சனுக்கு வந்த 'சின்ன' ஸ்ட்ரோக்குகள்

1896-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பேராசிரியராக இருந்தார் உட்ரோ வில்சன். வயது 39. திடீரென வலது கை சொன்னபடி கேட்கவில்லை. பேனா பிடிக்கவே சிரமம். ஏதோ நரம்புக் கோளாறு என்றே நினைத்தார்கள். அவரும் இடது கையால் எழுதப் பழகிக்கொண்டார். சில மாதங்களில் கை தேறியது. விஷயம் அத்தோடு மறந்துபோச்சு.

1906 மே மாதம், ஒருநாள் காலையில் கண் விழித்தால் இடது கண்ணில் பார்வை இல்லை. ரத்தக்குழாய்கள் தடித்துவிட்டதாகச் சொன்ன மருத்துவர்கள், ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அந்தக் கோடையில் ஓய்வெடுத்தார். பிறகு மறுபடியும் அதே ஓட்டம். 1913-ல் அமெரிக்க அதிபரும் ஆகிவிட்டார்.

வலது கைக்கும் இடது கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோடிட் தமனிகள் இருக்கின்றன. இடது தமனி இடது கண்ணுக்கும், இடப்பக்க மூளைக்கும் ரத்தம் தருகிறது. வலது கையை இயக்குவது அந்த இடப்பக்க மூளைதான். தமனியின் உட்சுவரில் கொழுப்பு படிந்து பாதை குறுகும்போது, அங்கே உருவாகும் சிறு கட்டிகள் பிய்த்துக்கொண்டு மேலே போகும். கண்ணை அடைத்தால் பார்வை போகும். மூளையை அடைத்தால் கை, பேச்சு போகும். அடைப்பு உடனே கரைந்தால் சில நிமிடங்களில் எல்லாம் சரியாகிவிடும். இதைத்தான் 'மினி ஸ்ட்ரோக்' என்கிறோம்.

வில்சனின் இடது கரோடிட் தமனியில்தான் கோளாறு என்று பின்னாளில் சில மருத்துவர்கள் வாதிட்டார்கள். உயர் ரத்த அழுத்தமே காரணம் என்று மறுத்தவர்களும் உண்டு. எப்படியானாலும், ரத்தக்குழாய் நோய் அவரை முன்கூட்டியே எச்சரித்திருந்தது.

1919 செப்டம்பரில், உலக நாடுகள் சங்கத்துக்கு ஆதரவு திரட்ட ஊர் ஊராக ரயிலில் போனவர், நடுவழியில் சுருண்டார். அக்டோபர் 2-ல் பெரிய ஸ்ட்ரோக். இடது பக்கம் முழுக்க செயலிழந்தது. மனைவி எடித் அனுமதித்தவர்கள் மட்டுமே அதிபரைப் பார்க்க முடிந்தது. அமெரிக்கா அந்தச் சங்கத்தில் சேரவே இல்லை. 1924-ல் வில்சன் இறந்தார்.

இன்று என்ன செய்யலாம்?

வில்சன் காலத்தில் கழுத்துத் தமனிக்குள் பார்க்க வழியில்லை. கழுத்துத் தமனி அடைப்புக்கும் ஸ்ட்ரோக்குக்கும் உள்ள தொடர்பை மில்லர் ஃபிஷர் என்ற கனடா மருத்துவர் விரிவாக விளக்கியதே 1951-ல்தான். இன்று வலியில்லாத டாப்ளர் ஸ்கேன் போதும். மாத்திரைகள் உண்டு, அடைப்பு அதிகமென்றால் அறுவை சிகிச்சை, ஸ்டென்ட் உண்டு.

கடலூர் சிப்காட்டை ஒட்டிய குடிகாட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வரும் ஒருவருக்குக் கை மரத்து, பத்தே நிமிடத்தில் சரியானால், 'தூக்கமில்ல, அதான்' என்று படுத்துவிடுவார். அது கூடாது. மினி ஸ்ட்ரோக் வந்த அடுத்த சில நாட்களில்தான் பெரிய ஸ்ட்ரோக் வரும் ஆபத்து மிக அதிகம். வாய் கோணல், கை பலவீனம், பேச்சுக் குழறல், ஒரு கண் இருட்டிப்போவது: இதில் எது வந்தாலும், வந்து போயிருந்தாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. அறிகுறி இன்னும் இருந்தால், உடனே 108-ஐ அழையுங்க.