விளக்கேந்திய கை

காய்ச்சல் என்றதும் இன்று நாம் வெப்பமானியைத் தேடுகிறோம். நெற்றிக்கு நேரே பிடித்தால் ஒரு நொடியில் எண் தெரிந்துவிடுகிறது. ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் இந்த வசதி இல்லை. அக்காலத்து வெப்பமானி ஓர் அடி நீளமானது. அளந்து முடிக்க இருபது நிமிடம்வரை ஆகும். பெரும்பாலான நோயாளிகள் அதைக் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. ஒருவரின் உடல் சூடாக இருக்கிறதா, குளிர்ந்துகொண்டு வருகிறதா என்பதை அறிய இருந்த கருவி, அருகில் இருந்தவரின் கைதான். அந்தக் கைக்குப் பயிற்சி வேண்டும் என்று விடாப்பிடியாகச் சொன்னவர் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். கையில் விளக்குடன் நிற்கும் அவரது படத்தை நாம் பலமுறை பார்த்திருக்கிறோம். விளக்கைப் பிடிக்காத மற்றொரு கை என்ன செய்தது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே 12ஆம் நாள், இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், செல்வம் மிக்க ஓர் ஆங்கிலக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவருக்குச் சூட்டப்பட்டது. தந்தையே ஆசிரியராக இருந்து கிரேக்கம், இலத்தீன் முதலிய மொழிகளைக் கற்பித்தார். மகளின் கணித ஆர்வமோ தாயாருக்குப் பிடிக்கவில்லை. நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ய விரும்புவதாக அவர் சொன்னபோது வீடே எதிர்த்தது. அக்காலத்தில் மருத்துவமனைப் பணிப்பெண் என்றால் படிப்பறிவற்றவர், குடிப்பழக்கம் உள்ளவர் என்றே பலரும் எண்ணினர். பல ஆண்டுப் போராட்டத்திற்குப் பிறகே, 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் மூன்று மாதப் பயிற்சி பெற அவரால் முடிந்தது.

1853இல் இலண்டனில் ஒரு சிறிய மருத்துவ இல்லத்தின் பொறுப்பை ஏற்றார். அங்கே அவர் முதலில் கேட்டவற்றைப் பாருங்கள்: மாடிகள்தோறும் வெந்நீர்க் குழாய், உணவை மேலே ஏற்ற ஒரு மின்தூக்கி போன்ற அமைப்பு, நோயாளி அழைத்தால் எந்தத் தளம் என்று காட்டும் மணி. மின்சாரம் இல்லாத காலம் என்பதால் அதைக் கயிற்றால் இழுக்க வேண்டியிருந்தது. தாதியின் கால்கள் படிக்கட்டிலேயே தேய்ந்தால் நோயாளியின் அருகில் இருப்பது யார் என்பதே அவர் கேள்வி.

1854இல் பிரிட்டனும் பிரான்சும் துருக்கியும் சேர்ந்து இரஷ்யாவுக்கு எதிராகக் கிரைமியாவில் போரிட்டன. காயமடைந்த பிரிட்டிஷ் வீரர்கள் கவனிப்பாரின்றிக் கிடக்கும் செய்தி நாளேடுகளில் வந்து மக்களைக் கொதிக்க வைத்தது. அமைச்சர் சிட்னி ஹெர்பர்ட்டின் வேண்டுகோளை ஏற்று, அம்மையார் 38 பெண்களுடன் புறப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் துருக்கியின் ஸ்கூட்டாரி நகரை அடைந்தார். இன்றைய இஸ்தான்புல்லின் ஒரு பகுதி அது. படைவீரர் குடியிருப்பாக இருந்த மாபெரும் கட்டடம் ஒன்று மருத்துவமனையாக மாற்றப்பட்டிருந்தது. தாழ்வாரங்களிலும் வரிசை வரிசையாகப் படுக்கைகள். கட்டடத்தின் அடியிலோ அடைபட்ட சாக்கடைகள்.

கருங்கடலைக் கப்பலில் கடந்துதான் வீரர்கள் அங்கு வந்து சேர்ந்தனர். அந்தக் குளிர்காலத்தில் வந்தவர்களில் பலருக்குக் குண்டுக்காயமே இல்லை. பனியில் விறைத்த கால்களும் வயிற்றுப்போக்கும் பட்டினியும்தான் அவர்களைச் சாய்த்திருந்தன. மனித உடல் தன் உட்புற வெப்பத்தை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ் அளவில் காத்துக்கொள்ளப் பெரிதும் பாடுபடுகிறது. குளிர் தாக்கினால் முதலில் கை கால்களின் தோலில் உள்ள இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இதயம், மூளை முதலிய உறுப்புகளின் வெப்பம் வெளியேறாமல் இருக்க உடல் செய்யும் ஏற்பாடு இது. அதுவும் போதாவிட்டால் தசைகள் நடுங்கி வெப்பத்தை உண்டாக்குகின்றன. நடுங்குவதற்கும் உணவு என்னும் எரிபொருள் வேண்டும். இரத்தம் இழந்து, பசியால் வாடிய ஒருவருக்கு நடுங்கவும் வலுவிருக்காது. உடல் குளிர்ந்தால் இரத்தம் உறைவதும் தாமதமாகும். காயம் நிற்காமல் கசியும். எனவே, ஒரு போர்வையும் ஒரு கிண்ணம் சூடான கஞ்சியும் அங்கே மருந்துக்கு ஈடானவை. அம்மையார் சட்டைகளும் போர்வைகளும் வாங்கினார். கொதிகலன்களுடன் சலவைக்கூடம் அமைத்தார். நோயாளிகளுக்கென்று தனிச் சமையலறைகளைத் திறந்தார்.

வலியின் நிலைமை இன்னும் கொடியது. மயக்க மருந்தான குளோரோஃபார்ம் 1847 முதலே பயன்பாட்டில் இருந்தது. ஆயினும், கடுமையாகக் காயமடைந்தவர்களுக்கு அதைக் கொடுக்க வேண்டாம் என்று படையின் தலைமை மருத்துவர் எச்சரித்திருந்தார். அறுவைக்குத் தனி அறை கிடையாது. ஒருவரின் காலை வெட்டி எடுப்பதை அடுத்த நாள் வெட்டப்படவிருப்பவர் தம் படுக்கையில் இருந்தே பார்க்க நேர்ந்தது. பார்த்தவரின் மனம் உடைந்து, அவர் பிழைக்கும் வாய்ப்பும் குறைகிறது என்பதை அம்மையார் கவனித்தார். உடனே மறைப்புத் திரை ஒன்றுக்கு ஏற்பாடு செய்தார். காயம்பட்ட இடத்திலிருந்து நரம்புகள் அனுப்பும் செய்தி முதுகுத்தண்டின் வழியே மூளையை அடைகிறது. அச்சமும் தூக்கமின்மையும் அதைப் பெரிதாக்குகின்றன, மன அமைதி அதைத் தணிக்கிறது என்று இன்றைய மருத்துவம் விளக்குகிறது. அந்த விளக்கம் வருவதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே அத்திரை எழுந்துவிட்டது.

இரவில் விளக்குடன் அவர் வார்டுகளைச் சுற்றி வந்த கதை இங்கிலாந்து முழுவதும் பரவியது. ஆனால், அந்தப் புகழ் பரவிய மாதங்களில்தான் இறப்பும் ஏறிக்கொண்டிருந்தது என்பதை நாம் மறைக்கக்கூடாது. 1855 பிப்ரவரியில் ஸ்கூட்டாரியின் இறப்பு விகிதம் நூற்றுக்கு 42ஐ எட்டியது. மார்ச் மாதம் அரசு அனுப்பிய சுகாதாரக் குழு வந்து சாக்கடைகளைக் கழுவியது. குடிநீர் வரும் வழியைத் துப்புரவாக்கியது. காற்று புகுவதற்கு வழி செய்தது. சில மாதங்களில் அவ்விகிதம் நூற்றுக்கு 2 என்ற அளவுக்கு இறங்கியது.

அதே ஆண்டு மே மாதம் அம்மையார் போர்முனைக்கு அருகிலுள்ள பலக்லாவா சென்றார். அங்கே கடும் காய்ச்சல் அவரைப் படுக்கையில் தள்ளியது. பல நாள் உயிருக்குப் போராடினார்; தலைமுடியைக் கத்தரிக்க வேண்டியதாயிற்று. ஏறி இறங்கும் அந்தக் காய்ச்சல், கால்நடைகளின் பாலால் பரவும் புரூசெல்லா கிருமியால் வந்திருக்கலாம் என்று பிற்கால மருத்துவர்கள் கருதுகின்றனர். இங்கிலாந்துக்குத் திரும்பி ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அவர் மறுத்து, போர் முடியும்வரை பணியில் இருந்தார். 1856இல் வரவேற்பு ஆரவாரத்தைத் தவிர்ப்பதற்காக வேறு பெயரில் தாயகம் திரும்பினார்.

அதன்பின் நடந்ததே அவர் வாழ்வின் கடினமான பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. வீரர்கள் மிகவும் தாமதமாக, சாகும் நிலையில் வந்து சேர்ந்ததால்தான் இறந்தார்கள் என்று அவர் நம்பியிருந்தார். புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபார் என்பவருடன் அமர்ந்து இறப்புக் கணக்குகளை ஆராய்ந்தபோது வேறோர் உண்மை தெரிந்தது. போர்முனைக்கு அருகிலிருந்த மருத்துவமனைகளைவிட, தாம் பணியாற்றிய ஸ்கூட்டாரியிலேயே இறப்பு மிகுதி. நெரிசலும் அழுக்குக் காற்றும் சாக்கடையும், தேடித்தேடிப் போர்வை போர்த்திய அதே வீரர்களைக் கொன்றிருந்தன. நாடே தலையில் வைத்துக் கொண்டாடிய ஒருவர் இதை வெளியே சொல்லாமல் விட்டிருக்கலாம். கேட்பார் யாரும் இல்லை. அவரோ அந்தக் கணக்குகளையே தம் அறிக்கையில் எழுதி, அதிகாரத்தில் இருந்தோருக்கு அனுப்பினார். எண்களைப் படிக்கச் சலிப்பவர்களுக்காக ஒரு வட்ட வரைபடமும் வரைந்தார். அதில் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்களைக் காட்டும் நீலப் பகுதி, காயத்தால் இறந்தவர்களைக் காட்டும் சிவப்புப் பகுதியைவிடப் பன்மடங்கு பெரிது. 1858இல் இலண்டன் புள்ளியியல் கழகம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக ஏற்றது.

1859இல் அவர் எழுதிய தாதிமைக் குறிப்புகள் நூல், மருத்துவமனைக்காக மட்டும் எழுதப்பட்டதன்று; வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் எல்லாருக்கும் உரியது. நோயாளி குளிரால் வாடாமல் காற்றோட்டம் இருக்க வேண்டும் என்பதை அவர் முதல் விதியாக வைத்தார். வெப்பம் வேண்டுமென்று சன்னல்களை அடைப்பவர்களை அவர் கண்டித்தார். தேவையான வெப்பத்தை அடுப்பும் போர்வையும் தரட்டும் என்றார். போர்வையும் கனக்கக்கூடாது, நலிந்தவருக்கு அதன் எடையே துன்பம். வலுவிழந்த நோயாளியின் பாதங்களையும் கால்களையும் அவ்வப்போது கையால் தொட்டுப் பார்க்கும்படி அறிவுறுத்தினார். குளிர்ச்சி தெரிந்தால் வெந்நீர்ப் புட்டியோ சூடான கம்பளித்துணியோ வைத்து, இளஞ்சூடாக ஏதேனும் பருகத் தர வேண்டும். இது விடியற்காலையில்தான் பெரும்பாலும் நேரும் என்றும் குறித்தார். உடலின் வெப்பம் விடியலுக்குச் சற்று முன்பே மிகத் தாழ்கிறது என்று இன்று அளந்து சொல்கிறார்கள். குளிர்சாதன வார்டில் படுத்திருக்கும் நம் தாத்தா பாட்டியின் கால்விரல்களைத் தொட்டுப் பார்த்தால் அவர் சொன்னது நமக்கும் விளங்கும்.

வலியைப் பற்றி அந்நூல் நேரடியாகச் சொல்வது குறைவு. கட்டிலில் இடிக்காதீர்கள், கதவுக்கு வெளியே நின்று கிசுகிசுக்காதீர்கள், நோயாளி கழுத்தைத் திருப்பாமல் பார்க்கக்கூடிய இடத்தில் உட்காருங்கள் என்பன போன்ற சிறு செய்திகளே அதில் நிறைந்துள்ளன. அடுத்து என்ன நடக்குமோ என்று காத்திருப்பது உடல் உழைப்பைவிட நோயாளியைச் சோர்வடையச் செய்யும் என்பதையும் அவர் அறிந்திருந்தார்.

இவற்றை எழுதியவரே அப்போது நோயாளிதான். 1857இல் நலம் குன்றியவர், பின்னர் முதுகுத்தண்டு வலியால் பல ஆண்டுகள் நடக்க இயலாமல், அறைக்கு அறை தூக்கிச் செல்லப்பட்டார். தோலுக்கு அடியில் அபின் மருந்து செலுத்தும் முறை அப்போது புதிது. அது ஒரு நாள் வலியைக் குறைத்தது. ஆனால் சிந்தனையின் தெளிவைக் கூட்டவில்லை என்று நண்பருக்கு எழுதினார். படுக்கையில் இருந்தபடியே அவர் படைமுகாம்களின் சுகாதாரம், மருத்துவமனைக் கட்டட அமைப்பு, இந்தியாவின் துப்புரவு எனப் பலவற்றைப் பற்றி ஆயிரக்கணக்கான கடிதங்கள் எழுதினார். போரின்போது அவர் பெயரில் மக்கள் திரட்டிய நிதியைக் கொண்டு, 1860இல் இலண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கு பயின்றவர்கள் பல நாடுகளுக்கும் சென்று பணியாற்றினர். அவர் பிறந்த நாளே இன்று அனைத்துலகத் தாதியர் நாள்.

முதுமையில் அவர் பார்வையை இழந்தார். 1907இல் பிரிட்டனின் உயரிய விருதான ஆர்டர் ஆஃப் மெரிட் பட்டத்தைப் பெற்ற முதல் பெண் ஆனார். 1910ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள், தம் 90ஆவது வயதில் இலண்டனில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தபோது குடும்பத்தார் அதை ஏற்கவில்லை. ஈஸ்ட் வெல்லோ என்னும் சிற்றூரில் உள்ள குடும்பக் கல்லறையில், எஃப். என். என்ற இரண்டு எழுத்துகளும் பிறந்த நாளும் இறந்த நாளும் மட்டுமே அவருக்காகப் பொறிக்கப்பட்டுள்ளன.