இலக்குக் காவலர் தங்கராஜ்

தமிழகத்தின் வட எல்லையிலே திருத்தணிகை மலை உயர்ந்து நிற்கின்றது. அதன் 365 படிகளையும் ஏறி முருகப்பெருமானை வழிபடுவோர் எண்ணற்றோர். 1953-ஆம் ஆண்டில் ஆந்திர மாநிலம் அமைந்தபோது திருத்தணி அம்மாநிலத்தில் அடங்கிற்று. ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார் முதலிய பெரியோர் வட எல்லையைக் காக்கப் போராடினர். அதன் பயனாக, 1960 ஏப்ரல் முதல் நாளன்று அவ்வூர் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. எல்லை காத்தல் எத்துணை அரிய பணி என்பதை இம்மலையூர் நமக்கு உணர்த்துகின்றது.

நாட்டிற்கு எல்லை இருப்பதுபோல ஆடுகளத்திற்கும் எல்லை உண்டு. கால்பந்தாட்டத்தில் எட்டுக் கெச அகலமும் எட்டு அடி உயரமும் உடைய வாயில் ஒன்றை ஒரே வீரர் காத்து நிற்பார். அவரையே இலக்குக் காவலர் என்கிறோம். கோல் கீப்பர் என்பது மக்கள் வழக்கு. பண்டைத் தமிழர் கோட்டையை முற்றுகையிடுவோர்க்கு உழிஞைப் பூவையும், உள்ளிருந்து மதில் காப்போர்க்கு நொச்சிப் பூவையும் உரியனவாக்கினர். தாக்குவோர்க்கு ஒப்பக் காப்போரையும் போற்றியது தமிழ் மரபு. அம்மரபின்படி நொச்சிப் பூச் சூடத் தக்க வீரர் ஒருவர் நம் காலத்தில் வாழ்ந்தார். அவரே பீட்டர் தங்கராஜ்.

தங்கராஜ் 1935-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். அந்நகரம் அக்காலத்தில் கால்பந்தாட்டத்திற்குப் பெயர் பெற்றிருந்தது. அங்குள்ள சிறு கழகங்களில் ஆடிப் பழகிய அவர், 1953-இல் படையில் சேர்ந்தார். நீலகிரி மலையிலுள்ள வெலிங்டனில், சென்னைப் படைப்பிரிவின் பயிற்சி நிலையம் அவரை ஆட்கொண்டது.

தொடக்கத்தில் அவர் இலக்கைக் காப்பவராக இல்லை. முன்னணியில் நின்று பந்தை அடிப்பவராகவே இருந்தார். பந்தை வலைக்குள் செலுத்துவோரை மக்கள் தோள்மீது தூக்கிக் கொண்டாடுவர். தடுப்பவரோ நூறு முறை தடுத்தாலும், தவறவிட்ட ஒரு முறையே பேசப்படும். எனினும், தங்கராஜ் புகழ் மிகுந்த முன்னிடத்தை விடுத்துப் பொறுப்பு மிகுந்த பின்னிடத்தை ஏற்றார். ஆறடிக்கு மேற்பட்ட உயரமும் நீண்ட கைகளும் அவருக்குத் துணைநின்றன. அவர் இலக்கிலிருந்து உதைத்த பந்து களத்தின் மறுபாதியில் நெடுந்தொலைவு சென்று விழும். அவருடைய அணி 1955-இலும் 1958-இலும் டூரண்டு கோப்பையை வென்றது. 1960-61 ஆண்டுப் போட்டியில், அவர் தலைமையேற்ற படைத்துறை அணி முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைக் கைக்கொண்டது.

பந்து அவரை உலகெங்கும் அழைத்துச் சென்றது. 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பெற்ற இந்திய அணியில் அவர் இடம்பெற்றார். ஆசிய நாடுகளுள் ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதியை முதலில் எட்டியது அவ்வணியே. 1958-இல் ஆசியாவின் தலைசிறந்த இலக்குக் காவலராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கிலும் ஆடினார்.

அவரது வாழ்வில் பெருஞ்சோதனை 1962-இல் வந்தது. ஜகார்த்தா நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின்போது அவர் காய்ச்சலுற்றார். இடையில் நடந்த ஆட்டங்களில் பிரத்யுத் பர்மன் என்னும் இளைஞர் இலக்கைத் திறம்படக் காத்தார். இறுதியாட்டம் செப்டம்பர் 4-ஆம் நாள். எதிரணி, முதல் ஆட்டத்தில் இந்தியாவை வீழ்த்திய தென்கொரியா. அரங்கில் ஏறத்தாழ ஓர் இலக்கம் மக்கள். இந்தியர் மீது ஏதோ ஒரு மனக்கசப்புக் கொண்டிருந்த அக்கூட்டம் எழுப்பிய கூச்சல் விண்ணை முட்டியது.

பயிற்சியாளர் எஸ். ஏ. ரகீம் அன்று தங்கராஜைக் களமிறக்கினார். நோயிலிருந்து எழுந்த வீரர் இலக்கின் முன் நின்றார். தலையில் தையலிட்ட காயத்தோடு ஜர்னைல் சிங் முன்னணியில் ஆடினார். பி. கே. பானர்ஜியும் ஜர்னைலும் ஆளுக்கொரு முறை பந்தை வலைக்குள் செலுத்தினர். அதன்பின் கொரியர் அலையலையாய்ப் பாய்ந்தனர். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில்தான் அவர்களால் ஒருமுறை இலக்கை எட்ட முடிந்தது. இந்தியா இரண்டுக்கு ஒன்று என வென்று தங்கம் பெற்றது. அதன்பின் இன்றளவும் ஆசியப் போட்டிக் கால்பந்தில் நம் நாட்டுக்குத் தங்கம் கிட்டவில்லை என்பதை நினைந்தால், அவ்வெற்றியின் அருமை விளங்கும்.

படைப்பணியை விட்டபின் அவர் கொல்கத்தா சென்றார். முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்னும் மூன்று புகழ்பெற்ற கழகங்களுக்கும் ஆடினார். ஒன்றையொன்று எதிர்த்து நின்ற அம்மூன்றும் அவரை விரும்பி ஏற்றன. 1964-இல் ஆசியக் கோப்பையில் இந்தியா இரண்டாமிடம் பெற்றபோதும் அவர் அணியில் இருந்தார். 1967-இல் இந்திய அரசு அவருக்கு அர்ச்சுனா விருதளித்துச் சிறப்பித்தது.

வயது முதிர, ஆட்டம் ஓய்ந்தது, தொண்டு ஓயவில்லை. தாம் கற்ற கலையைப் பிறர்க்கு வழங்கும் பணியை மேற்கொண்டார். கோவாவில் வாஸ்கோ கழகத்திற்கும், பின்னர் எஃகு நகரமாகிய பொகாரோவிலும் பயிற்சியாளராய் விளங்கினார். இலக்கைக் காப்பவர் ஒரு வாயிலை மட்டுமே காக்கிறார்; அக்கலையைக் கற்பிப்பவரோ, இனி வரும் வீரர் காக்கப்போகும் வாயில்களை எல்லாம் காக்கிறார். பொகாரோவிலேயே 2008-ஆம் ஆண்டு நவம்பர் 24-ஆம் நாள் அவர் இயற்கை எய்தினார்.

மாணவர்களே! எல்லாரும் முன்னணியில் நின்று புகழ் பெறுதல் இயலாது. பின்னே நின்று காப்பவர் உறுதியாய் இருந்தால்தான் முன்னே செல்வோர் அஞ்சாது செல்ல இயலும். வீட்டிலும் நாட்டிலும் அத்தகைய காவற்பணிகள் பல உள. உங்களுக்கு வாய்க்கும் இடம் எதுவாயினும், அதனைத் தங்கராஜைப் போல விழிப்போடு காத்து நில்லுங்கள்.