பௌதிக சாஸ்திரி பிரிட்ஜ்மன்

வெடிமருந்து என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது போர்க்களமே. ஆயினும் கடும் அழுத்தத்திலும் உஷ்ணத்திலும் அவ்வஸ்து எவ்வாறு மாறுகிறது என்று ஆராய்வதும் ஒரு சாஸ்திரமாகும். அதற்கு அடிகோலியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்கப் பேராசிரியர் பெர்ஸி பிரிட்ஜ்மன். அவருடைய சரித்திரம் ராஜ்ய விவகாரங்களில் ஈடுபட்டோரும் சிந்திக்கத் தக்கது.

அவர் 1882-ஆம் வருஷம் ஏப்ரல் 21-ஆம் தேதி மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தகப்பனார் ராஜாங்க விஷயங்களை எழுதி வந்த பத்திரிகை நிருபர். 1900-இல் ஹார்வர்ட் ஸர்வகலாசாலையில் மாணவராகப் புகுந்தவர், 1908-இல் டாக்டர் பட்டம் பெற்று, 1954 வரை அங்கேயே பணி புரிந்தார்.

காற்று நம்மீது செலுத்தும் அழுத்தத்தைப்போல் சுமார் 3,000 மடங்கே அக்காலத்து விஞ்ஞானிகளுக்கு எல்லையாக இருந்தது. அதற்குமேல் போனால் பாத்திரத்தின் மூட்டுக்களில் திரவம் கசிந்துவிடும். உள்ளே அழுத்தம் ஏற ஏறத் தானே மேலும் இறுகும் அடைப்பு ஒன்றைப் பிரிட்ஜ்மன் அமைத்தார். அதனால் எல்லை விலகிற்று. அவர் 1,00,000 மடங்கையும் கடந்தார். கருவிகளின் பட்டறை வேலையிலும் அவர் கைதேர்ந்தவர்.

அவ்வழுத்தத்தில் வஸ்துக்கள் தம் சுபாவத்தையே மாற்றிக்கொண்டன. கொதிநீரின் சூட்டிலும் உருகாத பனிக்கட்டி உண்டாயிற்று. காற்றுப் பட்டதும் தீப்பற்றும் வெண்பாஸ்பரம், 200 டிகிரி உஷ்ணத்தில் சுமார் 12,000 மடங்கு அழுத்தத்துக்கு உட்பட்டு, எளிதில் தீப்பற்றாத கரும்பாஸ்பரமாயிற்று. இதை அவர் வெளியிட்டது 1914-இல்.

1939-இல் அவர் செய்த ஓர் அறிவிப்பு விஞ்ஞான உலகைத் திடுக்கிடச் செய்தது. சர்வாதிகார நாட்டுப் பிரஜைகளுக்குத் தம் கருவிகளைக் காட்டுவதில்லை என்றும், அவர்களுடன் தம் சோதனைகளைப் பற்றிப் பேசுவதில்லை என்றும் பிரகடனம் செய்தார். அந்தப் பிரஜை தன் அறிவைத் தன் விருப்பப்படி பயன்படுத்தும் சுதந்திரம் அற்றவன் என்பது அவர் வாதம். அறிவுக்குத் தேச எல்லை வகுக்கலாகாது என்பது எதிர்க்கட்சியாரின் வாதம். இரண்டிலும் நியாயம் உண்டு.

ஆனால் வழக்கு அதனுடன் முடியவில்லை. யுத்த காலத்தில் யுரேனியமும் புளுட்டோனியமும் அழுத்தத்தில் எவ்வளவு சுருங்கும் என்று தம் ராஜாங்கத்துக்காக அவரே அளந்தார். 1945 ஆகஸ்டு 9-இல் நாகஸாகியில் விழுந்த குண்டு, சுற்றிலும் வைத்த வெடிமருந்தால் புளுட்டோனிய உருண்டையை நெரித்து வெடிக்கச் செய்த குண்டே. அதை அமைத்த லாஸ் ஆலமோஸ் ஆராய்ச்சி நிலையத்தின் தலைவரான ஓப்பன்ஹைமர் அவரிடம் பயின்றவர். சர்வாதிகாரியின் கையில் சேரலாகாதென்று காத்த அறிவு, குடியரசின் கையிலும் ஒரு நகரத்தை அழிக்கக் கூடியதாயிற்று.

1946-இல் நோபெல் பரிசு அவருக்குக் கிடைத்தது. மறுவருஷம், கெட்டியான வெடிமருந்துகளை நெரித்த சோதனைகளின் முடிவுகளை வெளியிட்டார். வெறும் அழுத்தம் அவற்றை வெடிக்கச் செய்யப் போதாதென்று அவை காட்டின. ஆர்.டி.எக்ஸ். என்னும் வெடிமருந்து சுமார் 40,000 மடங்கு அழுத்தத்தில், வெடிக்காமலே தன் படிக அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்பதை இன்று அறிவோம். திடீர் அதிர்ச்சியில் சிற்சில இடங்களில் உஷ்ணம் குவிந்து தீ மூளுவதே வெடிப்பின் தொடக்கம்.

விஞ்ஞானியின்மேல் சமூகம் விசேஷப் பொறுப்பைச் சுமத்தலாகாது என்று வாதித்தவர் பிரிட்ஜ்மன். அவரே 1955-இல், அணுயுத்தத்தின் அபாயத்தை எச்சரித்த ரஸ்ஸல்-ஐன்ஸ்டைன் அறிக்கையில் கையெழுத்திட்டார். பிறர் சுமத்திய பொறுப்பை மறுத்தவர், தம் மனச்சாட்சி விதித்ததைத் தாமே ஏற்றார். 1961 ஆகஸ்டு 20-இல் அவர் மறைந்தார். பூமியின் உட்பகுதியில் மிகுதியாக உள்ள தாதுவுக்கு 2014-இல் பிரிட்ஜ்மனைட் என்று பெயரிடப்பட்டது.

சுதந்திரமுள்ள பிரஜைக்கே அறிவை ஒப்படைக்கலாம் என்று அவர் 1939-இல் தீர்மானித்தார். அச்சுதந்திரத்தோடு மனச்சாட்சியும் விழித்திருக்க வேண்டும் என்பதே அவர் சரித்திரத்திலிருந்து நாம் அறிவது. தம் கட்சியின் கையில் அதிகாரம் சேர்ந்தாலே போதும், அது நன்மைக்கே பயன்படும் என்று நம்பும் ஒவ்வொருவரும் இதை ஊன்றி எண்ணிப் பார்ப்பாராக.